கிரேட்டிங் சரியாத்தான் இருக்குங்க

அன்பு என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கோபத்தோடு எழுதுகிறேன், அதைத் தெரிந்துகொண்டே படி. நீ ஊருக்குத் திரும்பி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. பதினொரு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, இப்போது போய் பிள்ளையின் மனதை நோகடிக்க வேண்டாம் என்று உன் அம்மா சொல்கிறாள். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சித்திரை முதல் நாள் நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்து இறங்கினாய். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே "கல்லூரி ஆய்வகம் (ஓய்வு)" என்று போட்டிருந்தாய். நான் இருபத்தாறு வருஷம் பௌதிக லேபில் அட்டெண்டராக இருந்தவன். அந்தச் சொல்லை எழுத உனக்குக் கூசியிருக்கிறது. சரி, பெண் வீட்டார் பெரிய இடம், ஏதோ நினைத்துச் செய்திருக்கிறான் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அதே சொல்லை நீயே எடுத்தாய், இன்னொருத்தனைக் கேலி செய்வதற்கு. நீ பாடம் நடத்தும் காலேஜில் நடந்த பிராக்டிகல் பரீட்சையைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். "ஹைட்ரஜன்ல செவப்புக் கோடு ஆறாயிரத்து எண்ணூத்தி இருபதாம்ப்பா. நீலப்பச்சை அஞ்சாயிரத்து அம்பதாம். அந்தப் பய புதுசா ஒரு ஹைட்ரஜன் கண்டுபிடிச்சிருக்கான். ஃபெயில் போட்டு அனுப்புனேன். இதுல அட்டெண்டர் வேற வந்து, கிரேட்டிங் மேல சந்தேகமா இருக்கு சார்ங்கிறான். உன் வேல தொடைக்கிறது, தொடைன்னு சொல்லிட்டேன்." உன் அம்மாவும் உன்னோடு சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனேன். வயிறு சரியில்லையா என்று கேட்டாய். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. சோற்றுக் கையோடு மனதுக்குள் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருந்தேன். 5050-ஐ 27-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 6817 சொச்சம் வருகிறது. ஏன் 27, ஏன் 20 என்று பின்னால் சொல்கிறேன். அந்தப் பையன் எழுதியது 6820. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் சரியாகத்தான் அளந்திருக்கிறான். முதுகலைப் பட்டம் வாங்கிய நீ அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. புத்தகத்தில் 6563 என்று இருக்கிறது, இவன் 6820 என்கிறான், போடு சிவப்பு மையால் ஒரு கோடு. அவ்வளவுதான் உன் பரீட்சை.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவும் படிக்கப்போகிறாள், நாளைக்கு இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண்ணும் படிக்கட்டும். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஹைட்ரஜன் வாயுவை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் ரோஜா நிறத்தில் ஒளிரும். அந்த வெளிச்சத்தை கிரேட்டிங் வழியாகப் பார்த்தால் ரோஜா நிறம் காணாமல் போய்விடும். இருட்டில் மூன்று மெல்லிய கோடுகள்தான் தெரியும். சிவப்பு ஒன்று, நீலப்பச்சை ஒன்று, ஊதா ஒன்று. கிரேட்டிங் என்பது ஓர் அங்குலத்துக்குள் ஆயிரக்கணக்கான கீறல்கள் போட்ட சின்னக் கண்ணாடித் துண்டு. ஒவ்வொரு நிறமும் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று கோணத்தை அளந்து, அங்குலத்துக்கு எத்தனை கீறல் என்ற எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த நிறத்தின் அலைநீளம் வரும், 6563 என்பதெல்லாம் அதுதான். கீறல் எண்ணிக்கையை கிரேட்டிங்கின் ஓரத்தில் சீட்டாக ஒட்டியிருப்பார்கள். அந்தச் சீட்டில் இருக்கும் எண் தப்பாக இருந்தால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை தப்பாகத்தான் வரும். அளந்தவன்மேல் குற்றம் இல்லை.

அப்படி ஒரு சீட்டைத் தப்பாக ஒட்டியவன் ஒருவனை உனக்குத் தெரியும். நான்தான் அது. இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவே இந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொள்ளப்போகிறாள்.

அவசரநிலை இருந்த காலம். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் அப்போது வேலையில் நிரந்தரமாகவில்லை. பத்து நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கெல்லாம் மெமோ கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒருநாள் மத்தியானம் லேபில் துடைத்துக்கொண்டிருந்தபோது கிரேட்டிங் கைநழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போனது. உடைத்தேன் என்று போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அலமாரியின் அடித்தட்டில் பழையது ஒன்று கிடந்தது. சீட்டு உரிந்து போயிருந்தது, எத்தனை கீறல் என்று யாருக்கும் தெரியாது. உடைந்ததிலிருந்து 15000 என்ற சீட்டை ஈரத்துணி வைத்து உரித்து, பழையதன் ஓரத்தில் பசை போட்டு ஒட்டினேன். உடைந்த துண்டுகளை வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்காலில் போட்டேன். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரே மாதிரி இருக்கிறதே, வேலையும் ஒரே மாதிரிதான் செய்யும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அன்றைக்கு என் பௌதிக அறிவு.

மாதக்கணக்கில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அது எப்படி என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் முன்பே தெரிந்தது, அது இருந்தால் அதை வைத்து முதலில் கீறல்களைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அந்த வருஷம் விளக்கு பழுதாகிக் கிடந்ததால் சீட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பையன்களுக்கு விடை உதைத்தது. ஆனால் விடை என்ன வரவேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறதே. 6563 வர என்ன கோணம் வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அந்தக் கோணத்தை நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போட்டவர்களும் அப்படித்தான் படித்து வந்தவர்கள். நீயும் அப்படித்தான் வந்திருப்பாய் என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

அந்த வருஷத்துப் பரீட்சையில் மல்லிகா என்ற பெண்ணுக்கு ஹைட்ரஜன் சோதனை விழுந்தது. நெரவி ஊர்ப் பெண். அப்பா கூலிக்கு நடவு, அறுப்பு என்று போகிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். லேபில் அவள் அதிகம் பேச மாட்டாள். மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை மூன்று தடவை பார்ப்பாள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் அவள் தாளைப் பார்த்தார். சிவப்பு 6315, நீலப்பச்சை 4680, ஊதா 4175 என்று எழுதியிருந்தாள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். 6563, 4861, 4340 என்று தயங்காமல் சொன்னாள். தெரிந்துமா இப்படி எழுதினாய், அடித்துவிட்டு ஒழுங்காக எழுது என்றார். இரண்டாவது முறையும் அளந்துவிட்டேன், அதேதான் வருகிறது என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "மூணும் ஒரே வீதத்துல கொறையுது சார். நான் தப்பா பாத்திருந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும். கிரேட்டிங்லதான் சார் ஏதோ இருக்கு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நாலடி தள்ளி மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, இந்தக் கிரேட்டிங் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் இருக்குங்க" என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன். பரீட்சகர் அவள் தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிராக்டிகலில் அவள் ஃபெயில். அந்த வருஷம் பட்டம் இல்லை. மறுபடி எழுதலாம் என்று யாரோ சொல்லி அனுப்பினார்களாம். அவள் வரவே இல்லை. எனக்கு ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமானது. உன் அம்மா திருநள்ளாறு போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பிள்ளைக்காகச் செய்தேன், குடும்பத்துக்காகச் செய்தேன் என்று உன்மேல் பாரத்தைப் போட மாட்டேன். பயந்தேன், பொய் சொன்னேன். அதற்கு வேறு பெயர் கிடையாது.

அவள் கணக்குப் போட்ட துண்டுத்தாள் மேசையில் கிடந்தது. குப்பையில் போட மனம் வராமல் எடுத்து வைத்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். மடக்கை அட்டவணையை அடுக்கி வைக்கத் தெரியும், பார்க்கத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனபின் அந்தத் தாளையும் அட்டவணையையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அவள் எதை எங்கிருந்து எடுத்தாள் என்று தேடினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஐந்தாறு மாதம் பிடித்தது. அப்புறம்தான் புத்தகத்தில் அந்தச் சூத்திரத்தைப் படித்தேன். 3646-ஐ 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் சிவப்பு. 16-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் நீலப்பச்சை. 25-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் ஊதா. முழு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாயுவின் நிறத்தைச் சொல்ல முடிகிறதே என்று அன்றைக்கு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சிவப்பை நீலப்பச்சையால் வகுத்தால் 27-க்கு 20. எந்தக் கிரேட்டிங்கை வைத்தாலும், அதில் என்ன சீட்டு ஒட்டியிருந்தாலும், இந்த வகுத்தலில் கீறல் கணக்கு அடிபட்டுப் போய்விடும், 27-க்கு 20 மட்டும் நிற்கும். மல்லிகாவின் 6315-ஐ 4680-ஆல் வகுத்தேன். ஒன்று புள்ளி மூன்று ஐந்து வந்தது. சோடியம் விளக்கு பழுதுபார்த்து வந்ததும் அதை வைத்துக் கீறலை எண்ணினேன். பதினாலாயிரத்து நானூற்றுச் சொச்சம். பதினைந்தாயிரம் இல்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி.

தெரிந்தபின் போய்ச் சொன்னேனா என்று கேட்பாய். இல்லை. சீட்டை மட்டும் மாற்றி ஒட்டினேன். அதோடு தீர்ந்தது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவளைத் தேடிப் போக எனக்கு ஏழு வருஷம் ஆனது. நெரவியிலேயே பால்வாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடிக்கும்வரை என்னை வாசலில் நிற்க வைத்தாள். பிறகு வந்து என்ன விஷயம் என்று கேட்டாள். கிரேட்டிங்கை உடைத்தது, சீட்டு ஒட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அண்ணே, நீங்க பொய் சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கு விளங்கல. நான் உங்களத்தான் நம்புனேன். அப்ப என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டேன். நானே பாத்தத நானே நம்பாம எத்தனை வருஷம் இருந்தேன் தெரியுமாண்ணே?" என்றாள். இதை இங்கே வந்து என்னிடம் சொல்லி என்ன பயன், காலேஜில் போய் எழுதிக் கொடுங்கள் என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஓய்வுபெற நாலு வருஷம் இருந்தது. எழுதிக் கொடுக்கவில்லை. அவள்முன் தலையாட்டியது இரண்டாவது பொய்.

இப்போது சொல், என் மகன் வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்துகொண்டு, அதே கதையைச் சிரித்தபடி சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? எனக்காவது படிப்பில்லை, பயம் இருந்தது. உனக்கு என்ன குறை? வேலை நிரந்தரம். கையில் அட்டவணை வேண்டாம், கணக்குப் பொறி வைத்திருக்கிறாய். இரண்டு எண்ணை வகுத்துப் பார்க்க உனக்கு அரை நிமிஷம். அதோடு, எந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேனோ அந்த இடத்தில் ஒருவன் வாயைத் திறந்திருக்கிறான். கிரேட்டிங்மேல் சந்தேகம் என்று ஓர் அட்டெண்டர் பரீட்சை நடக்கும்போது நேருக்கு நேர் வந்து சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உனக்குத் தெரியாது. நான் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவனைத்தான் நீ துடைக்கப் போ என்றாய். அந்த வார்த்தை அவனுக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, எனக்கு வந்து சேர்ந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். காலேஜ் விடுமுறை. நீ பெண் வீட்டாரோடு ஜவுளி எடுக்கப் போயிருந்த நாள். உன் அட்டெண்டரின் பெயர் மாரிமுத்து, உனக்குத் தெரியுமோ என்னவோ. நான் யார் என்று சொன்னதும் முதலில் பயந்தான். விஷயத்தைச் சொன்னதும் சாவியை எடுத்தான். இரண்டு பேருமாக சோடியம் விளக்கை ஏற்றி அந்தக் கிரேட்டிங்கை அளந்தோம். எனக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, அளவுகளை அவன் படித்தான், நான் எழுதினேன். சீட்டில் இருப்பதைவிடக் கீறல்கள் நூற்றுக்கு நாலு அதிகம். ஒட்டியவர் யார் என்று அவனுக்கும் தெரியாது, அவன் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. சரியான எண்ணைப் போட்டால் அந்தப் பையனின் சிவப்பு 6560-க்குப் பக்கத்தில் வருகிறது. கணக்குத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அவனை மாட்டிவிட மாட்டேன், அவன் பெயரை வெளியில் சொல்ல மாட்டேன் என்று மாரிமுத்துவிடம் சொன்னேன். "என் பேரையும் போட்டே எழுதுங்கண்ணே. நாந்தானே அளந்தேன்" என்றான். அவன் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கிறது. பார்.

என்னுடையதையும் எழுதிவிட்டேன். உடைத்தது, ஒட்டியது, பரீட்சகர் கேட்டபோது சொன்னது எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, நான் வேலை பார்த்த கல்லூரிக்கு நேற்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மல்லிகாவுக்கு இனி அதனால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. நகலைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், மடித்து வைத்துக்கொண்டாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. என் பென்ஷனுக்கு ஏதாவது வந்தால் வரட்டும். உன் மாமனார் வீட்டில் ஏதாவது பேசினால் பேசட்டும்.

நான் எடுத்துக்கொண்டதுபோல் உனக்கு வருஷக்கணக்கில் தவணை தரப்போவதில்லை. ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் முதல்வரிடம் போ. தாளைக் காட்டு. நான் தவறாக மதிப்பெண் போட்டுவிட்டேன், கருவியில் பிழை, பையனின் அளவு சரி என்று உன் கையால் எழுதி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல். பெயர் கெட்டுவிடும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாரிமுத்துவை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரி என்று சொல். தனியாகச் சொல்லாதே. அவமானப்படுத்தியது தனியாக இல்லையே.

அந்தப் பையனைத் தேடி அவன் ஊருக்கும் போனேன். நீ "அந்தப் பய" என்று சொன்னவனுக்கு இளங்கோ என்று பெயர். காலேஜுக்குத் தெற்கே மூன்று மைலில் ஊர். படிப்பு போதும், நமக்கு இது ஒத்து வராது என்று சொல்லிவிட்டு, சைக்கிள் கடையில் பங்ச்சர் ஒட்டக் கற்றுக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். கடை ஓரத்தில் உட்கார்ந்து கணக்குத் தாளைக் காட்டினேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தான். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப நான் பாத்தது சரிதாங்களா?" என்று மட்டும் கேட்டான். சரிதான் தம்பி என்றேன். நீங்கள் யார் என்று அப்புறம்தான் கேட்டான். உங்கள் சாரின் அப்பா என்றேன். தாளை மடித்து என்னிடம் நீட்டினான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் சாரே இங்கே வந்து இதைச் சொல்வார், வீட்டில் இரு என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுத்த வாக்குதான். என்னை மூன்றாவது தடவையும் பொய் சொன்னவனாக்கிவிடாதே.

அப்பா